தொட்டியில் ஓட்டை

சம்ப் வைக்க வேண்டும் என்றேன். ப்ளம்பர் நேரே வாசலுக்குப் போய் கார் நிற்கும் இடத்தைப் பார்த்தார். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கே சார்."

மீன் தொட்டிக்கு என்றேன். கீழே இன்னொரு தொட்டி; துளை வழியே தண்ணீர் அதில் இறங்கும், மோட்டார் திரும்ப மேலேற்றும். சிரிக்கவில்லை. டீ கேட்டார்.

தொட்டிக்கு வயது 14. நீளம் 4 அடி. அகலமும் உயரமும் ஒன்றரை. விளிம்புவரை ஊற்றினால் 255 லிட்டர். விளிம்புவரை யார் ஊற்றுகிறார்கள்.

டெம்பர்டு கண்ணாடியில் துளை போட முடியாது. ட்ரில் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கண்டுபிடிக்க வழி: தொட்டிக்குப் பின்னால் லேப்டாப்பின் வெள்ளைத் திரை, முன்னால் போலரைஸ்டு கூலிங் கிளாஸ். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் டெம்பர்டு.

ராத்திரி 9 மணிக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு காலித் தொட்டியை முறைத்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை.

திட்டு இல்லை. சாதாக் கண்ணாடி.

ஒரு இன்ச் டேங்க் நிப்பிளுக்கு ஒரு இன்ச் ஓட்டை போதாது. மரையின் வெளிவிட்டம்தான் கணக்கு. நிப்பிளைக் கையோடு கொண்டுபோனதால் தப்பித்தேன்.

வைரத்தூள் பூசிய வட்ட பிட். அழுத்தக் கூடாது. சுற்றிக் களிமண் வரப்பு, அதற்குள் தண்ணீர். பையனின் விளையாட்டுக் களிமண், பச்சை. வழிந்தது பால்போல வெள்ளை. எல்லாம் கண்ணாடித் தூள்.

வாய் ஓயாத ப்ளம்பர், துளை போட்ட பன்னிரண்டு நிமிடமும் பேசவே இல்லை.

வெட்டி விழுந்த வில்லை என் மேசையில். பேப்பர் வெயிட்டுக்குக் கனம் பற்றாது.

துளைக்கு வெளிப்புறம் வைத்த பெட்டியை ஒட்டிய சிலிகோன் காயக் காய வினிகர் நெடி. இரண்டு நாள்.

அதுவரை என் ஆஸ்கார் மீன் பிளாஸ்டிக் டிரம்மில். மூடியை முட்டிக்கொண்டே இருந்தது.

இதற்கு முன்னால் ஒருமுறை, தண்ணீரை இறக்கத் துளையில்லாத, தொங்கவிடும் பெட்டி வைத்துப் பார்த்தேன். வளைந்த குழாயின் உச்சியில் காற்றுக்குமிழி சேரும். ஒருநாள் ஓட்டம் அறுந்தது. மோட்டார் மட்டும் தன் வேலையைப் பார்த்தது. ஹால் முழுக்கத் தண்ணீர்.

கணக்கு: தொட்டியில் 1 செ.மீ. என்றால் ஐந்தரை லிட்டர். கரண்ட் போய் 3 செ.மீ. இறங்கினால் கிட்டத்தட்ட 17. குழாயில் நிற்பது தனி. அவ்வளவு இடம் சம்பில் காலியாகக் கிடக்க வேண்டும். சும்மா கிடக்கிறதே என்று கை துறுதுறுக்கும்.

மேலேறும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பொடித் துளை ஒன்று. மோட்டார் நின்றதும் காற்றை இழுத்து, திரும்பி இறங்கும் ஓட்டத்தை அறுக்கும். அடைக்க ஒரு நத்தை போதும்.

மோட்டார் பெட்டியில் 2000 லிட்டர் என்று போட்டிருந்தது. நாலரை அடி ஏற்றிவிட்டு வாளி பிடித்தேன். 10 லிட்டருக்கு 30 விநாடி. மணிக்கு 1200.

முதல் ராத்திரி, யாரோ ஓயாமல் ஃப்ளஷ் இழுக்கிற சத்தம். இறங்கு குழாயின் மூடியில் சின்னதாக ஓட்டை போட்டேன். அடங்கியது.

"என்னடா, சத்தத்தையே காணோம். மோட்டார் போயிடுச்சா?" - அம்மா.

மேலே மிதந்த எண்ணெய்ப் படலம் மறுநாள் இல்லை. வருஷக்கணக்காக அதைத் தண்ணீரின் நிறம் என்றே நினைத்திருந்தேன்.

இப்போது தண்ணீர் வற்றுவது தொட்டியில் தெரிவதில்லை. கீழே சம்பில்தான் இறங்குகிறது.

பழைய உப்புக் கோடு நீர்மட்டத்துக்கு இரண்டு விரல்கடை மேலே தனியாக நிற்கிறது. வினிகர் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.