உருபு மயங்கும் இடங்கள்

ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு முன்னால் நின்று, அப்பெயர் வாக்கியத்தின் பிற சொற்களோடு கொள்ளும் உறவைக் காட்டும் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’, ‘ஆஃப்’, ‘வித்’ போன்ற சிறு சொற்களைத் தமிழில் முன்னிடைச்சொற்கள் என்பர். அச்சொல்லும் அது தழுவும் பெயரும் சேர்ந்தமையும் தொகுதி முன்னிடைச்சொற்றொடர் எனப்படும். தமிழில் இதே வேலையை வேற்றுமை உருபுகளும் ‘மேல்’, ‘கீழ்’, ‘பற்றி’, ‘வரை’ போன்ற சொல்லுருபுகளும் பெயருக்குப் பின்னால் நின்று செய்கின்றன. முன்னும் பின்னும் என்பதே இரு மொழிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எனக் கொண்டு, ‘இன்’ என்றால் ‘இல்’, ‘வித்’ என்றால் ‘உடன்’, ‘ஆஃப்’ என்றால் ‘உடைய’ என அட்டவணையிட்டுக் கற்பிக்கும் பழக்கம் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்த அட்டவணை முழுப் பொய் அன்று. ஆனால் உண்மையான ஆங்கில வாக்கியம் ஒன்றை எடுத்த மாத்திரத்தில் அது கைவிட்டுவிடுகிறது.

சுவரில் படம் இருக்கிறது, சுவரில் ஓட்டை இருக்கிறது என்னும் இரண்டு வாக்கியங்களிலும் தமிழுக்கு ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலமோ, படம் சுவரின் பரப்பில் ஒட்டி நிற்பதால் அதற்கு ‘ஆன்’ என்றும், ஓட்டை சுவரின் உடலுக்குள் இருப்பதால் அதற்கு ‘இன்’ என்றும் பிரித்துச் சொல்கிறது. பேருந்தில் இருப்பவன் ‘ஆன் தி பஸ்’, காரில் இருப்பவன் ‘இன் தி கார்’, நிலையத்தில் காத்திருப்பவன் ‘அட் தி ஸ்டேஷன்’, பேருந்தில் ஊருக்குப் போகிறவன் ‘பை பஸ்’ என நான்கு வேறு சொற்கள் வேண்டப்படும் இடங்களில் எல்லாம் தமிழன் ‘இல்’ என்ற ஒன்றையே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். இதனால் தமிழ் குறைபட்ட மொழி ஆகிவிடாது. வேண்டும்போது ‘மேல்’, ‘உள்’, ‘அருகில்’ என்று துல்லியப்படுத்திக்கொள்ளும் உரிமையைத் தமிழ் பேசுவோனிடம் விட்டுவைக்கிறது. ஆங்கிலம் அத்துல்லியத்தை ஒவ்வொரு முறையும் கட்டாயமாக்குகிறது, அவ்வளவே.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறின. அந்த ஈறுகள் 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பே தேயத் தொடங்கி, அடுத்த இரு நூற்றாண்டுகளில் பெரும்பாலும் உதிர்ந்தபின், அவை சுமந்த பாரத்தைச் சொல்வரிசையும் முன்னிடைச்சொற்களும் தாங்க வேண்டியதாயிற்று. பாரம் கூடியபோது பொருளும் இடம் மாறியது. இன்று ‘உடன்’ என்று பொருள்படும் ‘வித்’, பழைய ஆங்கிலத்தில் ‘எதிராக’ என்றே பொருள்பட்டது. உடனிகழ்ச்சியைச் சொல்ல ‘மிட்’ என்னும் வேறொரு சொல் இருந்தது. ‘மிட்’ வழக்கிழந்து, பேறுகாலத்தில் தாயோடு உடனிருப்பவளைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ என்னும் சொல்லுக்குள் மட்டும் ஒதுங்கிக் கிடக்கிறது. ‘வித்’தின் பழம்பொருளோ ‘ஃபைட் வித்’ என்னும் தொடரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவனோடு சண்டை போட்டான் என்னும்போது தமிழின் ‘ஓடு’ உருபும் துணையைக் காட்டாமல் பகையையே காட்டுகிறது என்பது வியப்பூட்டும் ஒற்றுமை. துணை என்று காட்டத் தமிழர் ‘சேர்ந்து’ என்ற சொல்லை இடையில் நுழைக்க வேண்டியிருக்கிறது.

அட்டவணையை அடியோடு கவிழ்ப்பது ‘ஆஃப்’. ‘ஏ கப் ஆஃப் டீ’ என்பதை ‘உடைய’ என்று பெயர்த்தால், தேநீருடைய கோப்பை என்றோ கோப்பையுடைய தேநீர் என்றோ நகைப்புக்கிடமான ஒன்றுதான் கிடைக்கும். தமிழர் ஒரு கோப்பை தேநீர், இரண்டு முழம் பூ, ஒரு படி அரிசி என்று உருபே இல்லாமல் சொல்லிப் பழகியவர்கள். ‘தி சிட்டி ஆஃப் மதுரை’ என்பது மதுரை நகரம். அதாவது, சிறப்புப் பெயரும் பொதுப் பெயரும் ஒட்டி நின்று ஒரே பொருளைக் குறிக்கும் இருபெயரொட்டு. ‘ஏ ரிங் ஆஃப் கோல்ட்’ என்பது பொன்மோதிரம். பொன்னால் ஆகிய மோதிரம் என விரிக்கும்போது தோன்றும் ‘ஆல்’ என்ற உருபும் ‘ஆகிய’ என்ற பயனும் தொக்கு நிற்பதால், அதனைத் தமிழ் இலக்கணம் உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்கிறது. ஆங்கிலம் ஒரே ‘ஆஃப்’பால் கட்டிய மூட்டையைத் தமிழிலக்கணம் பிரித்துத் தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது. பிரித்தானிய மொழியியலாளர் ஜான் சின்க்ளேர் 1991இல் வெளியான நூலில் ‘ஆஃப்’ என்ற இந்த ஒரு சொல்லுக்கே தனி இயல் ஒதுக்கி, இதனைப் பிற முன்னிடைச்சொற்களோடு ஒரே வகையில் அடைப்பது பொருந்தாது என்றும், இத்தகைய தொடர்கள் பலவற்றில் இரண்டாம் பெயரே தலைமைப் பெயர் என்றும் வாதிட்டார். ஒரு கோப்பை தேநீர் குடித்தேன் என்பவர் குடித்தது கோப்பையை அன்று என்பதைத் தமிழ் வாக்கியம் கண்ணுக்கு நேரே காட்டிவிடுவதால், அவர் வாதம் தமிழருக்கு எளிதில் விளங்கும்.

சின்க்ளேர் இம்முடிவுக்கு வந்தது ஊகத்தால் அன்று. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவர் தலைமையில் நடந்த ‘கோபில்ட்’ திட்டத்தினர், நாளிதழ், நூல், பேச்சு எனப் பல இடங்களிலிருந்து திரட்டிய வாக்கியங்களைக் கணினியில் சேர்த்து, ஆராயும் சொல் நடுவில் நிற்க அதன் இருபக்கச் சுற்றம் தெரியும்படி வரிவரியாக அடுக்கிப் பார்த்தனர். அதன் பயனாக 1987இல் ஓர் அகராதி வந்தது. அவ்வாறு அடுக்கிப் பார்க்கும்போது தெரிவது, முன்னிடைச்சொல்லின் பொருள் அச்சொல்லில் மட்டும் தங்கியிருக்காமல், முன்னால் வரும் வினையிலும் பின்னால் வரும் பெயரிலும் இடையே வரும் ‘தி’யிலும் பகிர்ந்து கிடக்கிறது என்பதே. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பேற்றிருப்பவர். ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றால் பிறர் பொறுப்பில் இருப்பவர். செவிலியும் குழந்தையும் இருக்கும் அறையில் ஒரு ‘தி’ இடம் மாறினால் குழந்தை செவிலியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிடும். ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்று பிரித்தானியர் சொன்னால் அவர் நோயாளி. ‘இன் தி ஹாஸ்பிட்டல்’ என்றால் பார்க்கப் போனவராகவும் இருக்கலாம். அமெரிக்கர் நோயாளிக்கும் ‘தி’ சேர்ப்பதால் அவர்களிடம் இந்த வேறுபாடு செல்லாது.

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அடிக்கடி குறை கூறப்படும் ‘டிஸ்கஸ் அபவுட்’ இங்கே நின்று நோக்கத் தக்கது. ‘பற்றி விவாதித்தனர்’ என்பதன் நிழல் அது என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம்; ஆனால் தமிழில் ‘அதனை விவாதித்தனர்’ என்றும் வழங்குவதால் அக்காரணம் பாதிதான். ‘டிஸ்கஷன்’ என்னும் பெயருக்கு ‘அபவுட்’ வேண்டும், ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்கு வேண்டாம். அவ்வாறே ‘ரிக்வெஸ்ட்’, ‘ஆர்டர்’ ஆகியவை பெயராக நிற்கும்போது ‘ஃபார்’ ஏற்கின்றன, வினையாகும்போது உதறிவிடுகின்றன. தமிழிலோ நூலை வாசித்தான் என்ற வினையும் நூலை வாசித்தல் என்ற தொழிற்பெயரும் ஒரே ‘ஐ’ உருபையே கொள்கின்றன. வினை பெயரானவுடன் கூட்டாளியை மாற்றிக்கொள்ளும் என்ற எண்ணமே தமிழ்க் காதுக்குப் புதிது. பிழையின் மறுபாதி இதில் இருக்கிறது. ‘ஆங்ரி ஆன் மீ’ என்பது மட்டும், என் மேல் கோபம் என்பதிலிருந்து நேராக இறங்கிய பிழை; அதை மறுப்பதற்கில்லை.

எனினும் எல்லாப் பழியையும் தாய்மொழியின் தலையில் கட்டுவது முறையாகாது. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று எழுதுவோரின் தமிழ், இரண்டு ஆண்டுகளாக என்று கால அளவையும், 2010 முதல் என்று தொடக்கப் புள்ளியையும் தெளிவாகப் பிரிக்கிறது. ‘பை மண்டே’ என்பதற்கும் ‘அன்டில் மண்டே’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, திங்கட்கிழமைக்குள், திங்கட்கிழமை வரை என்பவற்றில் அப்படியே இருக்கிறது. ஆங்கிலமே தடுமாறும் இடத்தில் தமிழ் தெளிவாக நிற்பதும் உண்டு. ‘ஹி ஹிட் தி தீஃப் வித் தி அம்ப்ரெல்லா’ என்ற வாக்கியத்தில் குடை அடித்தவன் கையிலா, திருடன் கையிலா என்பது தெரியாது; முன்னிடைச்சொற்றொடர் வினையோடும் ஒட்டும், பெயரோடும் ஒட்டும். தமிழில் குடையால் அடித்தான் என்றோ, குடை வைத்திருந்த திருடனை அடித்தான் என்றோ தீர்மானித்த பிறகே வாய் திறக்க முடியும். உருபேற்ற பெயர் இன்னொரு பெயரைத் தழுவுவதற்குப் பெரும்பாலும் ஒரு பெயரெச்சத்தின் துணையை நாடுகிறது.

தொல்காப்பியர் விளி தவிர்ந்த ஏழு வேற்றுமைகளையும் வேற்றுமையியலில் வகுத்த கையோடு, ஓர் உருபின் பொருளில் வேறோர் உருபு வந்து மயங்கும் இடங்களைச் சொல்ல வேற்றுமை மயங்கியல் என்று அடுத்த இயலையும் வைத்தார். தமிழ் மாணவருக்காக ஆங்கில இலக்கணம் எழுதுவோர், ‘இன்’ என்றால் ‘இல்’ என்னும் முதல் அட்டவணையோடு நூலை மூடிவிடாமல், அந்த இரண்டாம் இயலையும் எழுதித் தர வேண்டும். சுவரில் மாட்டிய படத்தையும் சுவரில் விழுந்த ஓட்டையையும் அதன் முதல் பக்கத்தில் வைக்கலாம்.