ஜப்பான் மீன் வாங்கப் போன கதை

எங்கள் வீட்டுப் பின்பக்கம், கிணற்றை ஒட்டி ஒரு பழைய சிமெண்ட் தொட்டி இருக்கிறது. மாடு வைத்திருந்த காலத்தில் கட்டியது. மாட்டை விற்ற பிறகு தாத்தா அதில் கோல்டு பிஷ் விட்டு வளர்த்து வந்தார். ஆறு மீன்கள். அதில் மூத்ததற்கு ஏழு வயது. காலையில் காபி குடித்து முடித்ததும் தொட்டியோரம் போய் நின்று சுவரில் விரலால் தட்டுவார். ஆறும் மேலே வரும். பேப்பரை அதற்கப்புறம்தான் பிரிப்பார்.

அந்த ஆறும் இப்போது இல்லை. காரணம் நான். கோய் மீன் குஞ்சு வாங்கும் ஆசை யாருக்காவது இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மீனே பிடிக்காதவர்களும் படிக்கலாம், செகண்ட்ஹேண்ட் பைக் வாங்கப் போகும்போது உதவும் :-)

போன டிசம்பரில் செமஸ்டர் லீவு. கையில் கொஞ்சம் ஸ்காலர்ஷிப் பணம். ராத்திரி முழுக்க ஜப்பான் குளங்களின் வீடியோவாகப் பார்த்துப் பைத்தியம் பிடித்திருந்தது. திருநின்றவூரில் லோக்கல் ட்ரெயின் ஏறி, வில்லிவாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் குளத்தூர். வண்ண மீன் என்றால் சென்னையில் எல்லோரும் கைகாட்டும் இடம் அதுதான். தெருவுக்குத் தெரு மீன் கடை, ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் கவர்கள், வாசலில் ஈரம்.

நான் நுழைந்த கடையில் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் மட்டும் ரோஸ் கலர் லைட். அதன் கீழே குங்குமச் சிவப்பில் கோய் குஞ்சுகள். "ஒரிஜினல் ஜப்பான் இம்போர்ட் தம்பி, ஏ கிரேடு. ஜோடி ஆயிரத்தி இருநூறு" என்றார் கடைக்காரர். ரெண்டு ஜோடி எடுத்தேன். கவரில் போடும்போது ஒரு குஞ்சு தொட்டியின் தரையில் சட்டென்று பக்கவாட்டில் உரசிக்கொண்டு ஓடியது. திரும்பவும் உரசியது. "ஏன்ணே இப்படிப் பண்ணுது?" என்று கேட்டேன். "விளையாடுது தம்பி" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெயிலில் பார்த்தால் குங்குமம் எல்லாம் வெளுத்த ஆரஞ்சு. அது போகட்டும். கவரோடு அரைமணி நேரம் மிதக்கவிட்டு நேரே தாத்தாவின் தொட்டியில் திறந்துவிட்டேன். நாலைந்து நாளில் மீன்கள் மேல் ரவை தூவினதுபோல வெள்ளைப் புள்ளி. புது மீன்களுக்கு முதலில், பிறகு கோல்டு பிஷ்ஷுக்கு. இது ஒரு ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதை எட்டாது. கொழுத்ததும் மீனை விட்டு இறங்கித் தொட்டி அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரியும். அந்தக் குட்டிகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து பிடிக்கும். அதனால் திரும்பத் திரும்ப மருந்து போட வேண்டும். நான் ஒரே ஒரு தடவை கல் உப்பைக் கொட்டிவிட்டு, புள்ளி குறைந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மறு வாரம் பத்து மடங்காக வந்தது. உரசல் "விளையாட்டு" இல்லை, அரிப்பு. மீன் விற்கிற மனிதருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

பொங்கலுக்குள் பத்தும் போய்விட்டன. தாத்தா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கடைசி மீனைத் தென்னை மரத்தடியில் புதைத்த மறுநாள் காலையிலும் காபி குடித்துவிட்டுப் போய்த் தொட்டிச் சுவரில் தட்டினார். பிறகு நினைவு வந்து திரும்பி வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன் (செமஸ்டருக்கு இல்லை). கோய் என்பது சாதாரண கெண்டைதான். ஜப்பானின் நிகாட்டா மலைக் கிராமங்களில் நெல் விவசாயிகள் சாப்பாட்டுக்காக வளர்த்த கெண்டைகளில் சில நிறம் மாறிப் பிறக்க, அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து உருவாக்கியவை. 1914-இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் வெளியுலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தன. அங்கே இவற்றுக்கு நிஷிகிகோய் என்று பெயர். நிஷிகி என்றால் ஜரிகைப் பட்டு. வெள்ளையில் சிவப்பு இருந்தால் கோஹாகு. அதோடு கறுப்பும் சேர்ந்தால் சாங்கே. கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் வந்தால் ஷோவா. 2018-இல் ஹிரோஷிமாவில் ஒரு கோஹாகு 20 கோடியே 30 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது.

எனக்கு உறைத்த விஷயம் வேறு. ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டை போடும். பண்ணைக்காரர்கள் முதல் கோடைக்குள் பல தடவை சலித்துப் பெரும்பாலானதைக் கழித்துவிடுகிறார்கள். மிச்சம் வைத்ததிலும் எது தேறும் என்று தலைமுறையாக இதையே செய்பவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சாங்கே குஞ்சில் இருக்கும் கறுப்பு மறைந்து, வருஷம் கழித்துத் திரும்ப வரலாம். வராமலும் போகலாம். ஷோவாவில் அடியில் புதைந்திருக்கும் கறுப்பு மெல்ல மேலே எழும். ரெண்டு இஞ்ச் குஞ்சிலேயே சிவப்பு கெட்டியாக, ஓரம் கத்தரித்ததுபோல அழகாக முடிந்திருந்தால், அது சீக்கிரமே பூத்து உதிரப்போகிற ரகமாகவும் இருக்கலாம். இளம் ஆரஞ்சில் சுமாராகத் தெரிவது பின்னால் சிவந்து வரலாம். அப்படியிருக்க "ஏ கிரேடு" என்பதற்கு என்ன அர்த்தம்? எல்லாக் கடைக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றும் கிடையாது. அவரவர் கடை, அவரவர் கிரேடு. நல்ல விலைக்குப் போகும் ஜப்பான் கோய்க்குப் பண்ணைக்காரர் மீனின் போட்டோவோடு சான்றிதழ் தருவது வழக்கம். எனக்குக் கிடைத்தது ரப்பர் பேண்ட் போட்ட கவர்.

மே மாதம் திரும்பக் குளத்தூர் போனேன். இந்தத் தடவை பணம் எடுத்துப் போகவில்லை, வேண்டுமென்றே. நாலு கடையில் ஒரே கேள்வி கேட்டேன்: "இந்தக் குஞ்சு பெருசானா எப்படி இருக்கும்ணே?" மூன்று பேர் "சூப்பரா வரும்" என்றார்கள். நாலாவது ஆள், ஒரு சந்துக்குள் சிமெண்ட் தொட்டிகள் வைத்திருக்கிற அண்ணன், "அது எனக்கெப்படித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவர் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. அவர் வாசலிலும் "ஜப்பான் கோய்" என்று போர்டு தொங்கியது. கேட்டால், "இங்கயே போட்ட குஞ்சுதான். போர்டு இல்லன்னா எவன் உள்ள வர்றான்?" என்றார். ஆனால் பின்னால் கூட்டிப்போய்த் தாய் மீனையும் தகப்பன் மீனையும் காட்டினார். என் கதையைச் சொன்னதும் அவர் கேட்டதெல்லாம் தொட்டியைப் பற்றித்தான். நீளம் என்ன, ஆழம் என்ன, காயப்போட்டாயா, ஃபில்டர் இருக்கா. ஆறடிக்கு நாலடி, ஆழம் மூணு அடி, சுமார் 2,000 லிட்டர் என்றேன். "மூணு மீனுக்கு மேல தரமாட்டேன். ரெண்டடி வளர்ற மீனு. அப்புறம் இந்தத் தொட்டியும் பத்தாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். ரோஸ் லைட் கடையில் தொட்டி இருக்கா என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பணத்தோடு போனபோது வலையால் ஏழெட்டுக் குஞ்சுகளை ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, வெயிலில் வைத்தார். கோய் மேலிருந்து பார்ப்பதற்காகவே வளர்க்கப்பட்ட மீன். கண்ணாடி வழியாகப் பக்கவாட்டில் பார்த்து வாங்கினால் பாதிதான் தெரியும். மேலிருந்து பார்த்தால் முதுகெலும்பு நேராக இருக்கிறதா, ரெண்டு பக்கத் துடுப்பும் ஒரே அளவா, வாலுக்கு முந்தின இடம் தடிமனா என்று உடனே தெரிகிறது. வாய் கோணல், மூடாத செவுள் எல்லாம் இந்த வயதிலேயே இருந்தால் கடைசிவரை இருக்கும். நிறம் மாறும், கூன் மாறாது. வெள்ளை பால் மாதிரி இருக்க வேண்டும், மஞ்சள் அடித்தால் யோசிக்கலாம். ஒவ்வொரு சிவப்புத் திட்டிலும் தலைப்பக்கத்து ஓரம் மங்கலாகவும் வால்பக்கத்து ஓரம் வெட்டினதுபோலவும் இருக்கும். முன்னால் இருக்கும் வெள்ளைச் செதில் சிவப்பின் மேல் படிவதால் வருவது அது. அது குறை என்று நான் ஒரு நல்ல மீனை ஒதுக்கப் பார்த்தேன், அவர் சிரித்தார்.

ஒன்றை நான் காட்டியதும் அவரே "இதுக்கு ஒரு பக்க மீசை இல்ல பாரு" என்று எடுத்துப் போட்டார். கோய்க்கு ரெண்டு ஜோடி மீசை உண்டு, கோல்டு பிஷ்ஷுக்கு அது கிடையாது. நான் கவனிக்கவே இல்லை. அவர் சும்மா இருந்திருந்தால் விற்றிருக்கும்.

மூன்று குஞ்சு, ஒன்று 60 ரூபாய். தலையில் மட்டும் சிவப்புப் பொட்டு வைத்த ஒன்றைத் தாத்தாவுக்காக எடுத்தேன். "அந்தப் பொட்டு நிக்கலாம், போகலாம். போச்சுன்னா என்கிட்ட வந்து சண்டை போடாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒரு டிரம்மை வெட்டி அதில் மூன்று வாரம் தனியாக வைத்திருந்து, தினமும் டார்ச் அடித்துப் பார்த்து, உரசல் இல்லை, புள்ளி இல்லை என்று உறுதியான பிறகே தொட்டியில் விட்டேன்.

பொட்டு பாதி கரைந்துவிட்டது. இப்போது அது நெற்றியில் அழிந்த குங்குமம் மாதிரி இருக்கிறது. நான் சண்டைக்குப் போகவில்லை. தாத்தா பழையபடி காலையில் போய்த் தட்டுகிறார். மூன்றும் பயந்து மூலைக்கு ஓடுகின்றன. "புதுசுடா, பழகணும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேப்பரைப் பிரிக்கிறார்.