நாங்களும் வைத்திருந்த பழைய நோட்டு

எங்களில் ஒருவர் வழக்கறிஞர். ஆடித்தபசுக்கு முந்தைய வாரம் ஒருநாள், சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் ஊர்க்காரப் பெரியவர் ஒருவர், காலடியில் பருத்திக்கொட்டை மூட்டையோடு நின்றவர், இவரைப் பார்த்துவிட்டார்.

“ஏலே, நீ நம்ம தோட்டத்துல தண்ணி பாய்ச்சினவன் பேரன்லா? இந்த மூட்டையைப் பஸ்ல ஏத்திவிடு.”

எங்கள் வழக்கறிஞர் மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டார். பெரியவர் மடியிலிருந்து பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். “டீ குடிச்சிக்கோ.”

“வேண்டாம் ஐயா. வயசானவருன்னுதான் தூக்கிவிட்டேன்” என்று சொல்லிவிட்டு இவர் நகர்ந்தார். பெரியவருக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்ததாம். நீட்டிய பத்து ரூபாயை வாங்காத கை அவருக்குப் புதிது.

அன்று மாலை எங்கள் படிப்பு வட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னோம். செவிலியராக வேலை பார்க்கும் எங்கள் தங்கையை ஊர்த்தெருவில் இன்னும் “களையெடுக்க வருவாளே, அவ மக” என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். முதுகலை முடித்த தம்பி ஊருக்குப் போனால், “எங்கலே லோடு அடிக்கே?” என்று கேட்கிறார்கள். லோடு அடிப்பதிலோ களையெடுப்பதிலோ கேவலம் எதுவும் இல்லை. அந்த உழைப்புதான் எங்களைப் படிக்க வைத்தது. ஆனால் நாங்கள் படித்தது அவர்கள் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது.

ஏன் படவில்லை என்று யோசித்தோம். நாற்பது வருடத்துக்கு முன்பு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற எங்கள் தாத்தாவின் படம் அந்தப் பெரியவர் கண்ணுக்குள் இருக்கிறது. அதை அழித்தால் அவர் தன் படத்தையும் சேர்த்து அழிக்க வேண்டும். பேரன் வக்கீல் என்று ஒப்புக்கொண்டால், தான் பண்ணையார் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். எங்கள் வளர்ச்சி அவருக்குத் தெரியாமல் இல்லை, தோழர்களே. தெரிந்துகொண்டால் வரும் நட்டத்தை அவர் அறிவார்.

இந்தப் பார்வை எப்போதும் பத்து ரூபாயோடு நின்றுவிடாது. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது பாஞ்சாகுளம். 2022 செப்டம்பரில் அங்கே ஒரு கடைக்காரர், தின்பண்டம் வாங்க வந்த எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க மறுத்தார். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அதைப் படமும் எடுத்தார்கள். அந்தக் காணொளியைத்தான் நாடே பார்த்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கையில் காசு வைத்திருக்கும் பிள்ளைகள். கடன் கேட்கவில்லை. ஆனாலும் கடைக்காரர் கண்ணுக்குத் தெரிந்தது கட்டுப்படுத்த வேண்டிய பழைய சேரி மட்டும்தான்.

அதற்கு அடுத்து நடந்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. கைது நடந்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள். அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, குற்றம்சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லை நீதிமன்றம் உத்தரவிட்டது. காலங்காலமாக ஊரைவிட்டு விலக்கப்பட்டது நாம். இந்த முறை விலக்கி வைத்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியது சட்டம். அவர்கள் மனம் மாறியதா என்பது வேறு கேள்வி. ஊர்க்கட்டுப்பாடு ஒன்றும் கேட்பாரற்ற அதிகாரம் இல்லை என்பது அன்று ஊருக்குத் தெரிந்தது. சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கிய திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்?

இது நமக்கு மட்டும் நடப்பதல்ல. பாபாசாகேபை நினைத்துப் பாருங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு, 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போகிறார். வெளிநாட்டு வாழ்க்கையில், தான் தீண்டப்படாதவர் என்ற நினைப்பே அவருக்கு மறந்துபோயிருந்தது. ரயிலை விட்டு இறங்கியதும், எங்கே தங்குவது என்ற கேள்வி அதை நினைவூட்டியது. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னது. நண்பர்கள் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, அன்றிரவே பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

1929-இல் சாலிஸ்காவ் என்ற ஊருக்குப் போகிறார். அதற்குள் அவர் பாரிஸ்டர், டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனாலும் அவரை வைத்துக் குதிரைவண்டி ஓட்ட வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். வண்டி விபத்துக்குள்ளாகி, தூக்கி எறியப்பட்ட பாபாசாகேபின் கால் எலும்பு முறிந்தது.

இவ்வளவு படித்தும் தடி கொண்டு வந்தவன் கண் மாறவில்லை. அதற்காக அவர் தன் பட்டங்களை அவனிடம் காட்டிக்கொண்டு நிற்கவில்லை. அவன் தடி எடுக்க முடியாதபடி சட்டம் செய்யப் போனார்.

நாங்கள் அப்படி இருந்தோமா? உண்மையைச் சொல்லிவிடுகிறோம். கல்லூரி நாட்களில் எங்கள் பேச்சை மாற்றிக்கொண்டோம். எந்தத் தெரு என்று கேட்டால் “பஸ் ஸ்டாண்டு பக்கம்” என்றோம். வெள்ளைச் சட்டையும் இஸ்திரியுமாக ஊர்த்தெரு வழியே வேண்டுமென்றே நடந்தோம். யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தோம். எங்களை மதிக்காதவர்களிடமே போய் மதிப்பெண் கேட்டு நின்றிருக்கிறோம். அதில் சில வருடங்கள் வீணாயின.

அதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் வட்டத்தில் ஒரு தம்பி இருந்தான். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன். பத்தொன்பது வயதில் அவன் மேல் ஓர் அடிதடி வழக்கு. குடியும் இருந்தது. வழக்கில் விடுதலையானான். குடியை விட்டான். எங்களோடு சேர்ந்து படித்தான், எங்களைவிட அதிகமாகவே படித்தான். ஆனாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் அவனுக்கு அழைப்பு வந்துவிடும். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்த நாள், செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அமைதியைக் காப்பேன் என்று பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு அது 107-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சட்டத்தில் 126. எண் மாறியது, அவன் பெயர் மாறவில்லை. அவனுக்காக நாங்கள் மனு எழுதினோம், கோபப்பட்டோம்.

ஒரு வருடம் ஏப்ரல் 14 விழாவுக்கு வசூலித்த பணத்தில் 3,400 ரூபாய் குறைந்தது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

“போலீஸ்காரன் என்னைய பழைய நோட்டை வச்சிப் பார்க்கான். நீங்களும் அதே நோட்டைத்தான் வச்சிருக்கீங்களா அண்ணே?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

இரண்டு நாள் கழித்துக் கணக்கு தெளிவானது. மைக்செட்டுக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை எங்களில் ஒருவர் எழுத மறந்திருந்தார். மறந்தவர் பட்டதாரி. அவர் பக்கம் எங்கள் யாருடைய கண்ணும் திரும்பியிருக்கவில்லை.

தறிக்கூடத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். தறிச் சத்தத்தில் நாங்கள் சொன்னது அவனுக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. வெளியே வந்து, “பரவால்லண்ணே” என்றான். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். ஆனால் வட்டத்துக்குத் திரும்பி வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவன் படித்து அடிக்கோடிட்ட புத்தகங்கள் எங்கள் அலமாரியில் இருக்கின்றன.

ஊர்க்காரப் பெரியவரின் பார்வையும் எங்கள் பார்வையும் ஒன்றா? இல்லை. அவர் பார்வைக்குப் பின்னால் நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, பல தலைமுறை ஆதிக்கம் இருக்கிறது. எங்களிடம் இருந்தது சோம்பல். ஒரு மனிதனை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்ற சோம்பல். ஆனால் அந்த அறையில் அவனுக்கு வலித்த வலியில் இந்த வேறுபாடு இருந்திருக்காது.

அதனால் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வோம். ஊர் உங்களைப் பழைய கண்ணால் பார்க்கும். அந்தக் கண்ணைத் திருத்துவதற்காக உங்கள் இளமையைச் செலவழிக்காதீர்கள். அந்தப் பார்வை கடையை மூடும்போது, பாதையை மறிக்கும்போது, கை ஓங்கும்போது, சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். வெறும் முறைப்போடு நின்றால் கடந்து போங்கள், உங்களுக்கு வேலை இருக்கிறது.

ஆனால் நம் வட்டத்துக்குள் யாராவது திருந்தி வந்தால், நேற்றுவரை கையில் சாதிக் கயிறு கட்டிய வேறு தெருப் பையன் அதை அறுத்துவிட்டு வந்தால், அவர்களை இன்றைய முகத்தோடு பாருங்கள். எச்சரிக்கையாக இருப்பது வேறு. கணக்குக் குறைந்தவுடன் கண் திரும்புவது வேறு.

எங்கள் வட்டத்தில் இப்போது வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிறோம். குறைந்தால் முதலில் நோட்டைப் பார்க்கிறோம். ஆள் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தம்பி இதைப் படித்தால், அவன் இடம் காலியாகவே இருக்கிறது.

ஜெய்பீம்.