பூஜ்யம் மோதல்

என் தங்கைக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், "இன்னும் கட்டாத கட்டடத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறாள்" என்பேன். அம்மாவுக்கு இதில் வருத்தந்தான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வதாம்?

சென்ற மாதம் ஒரு மாலை, அவளை அழைத்து வர ஆபீசுக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் ஓர் ஆஸ்பத்திரி முழுசாக நின்றது. வெறும் படம் அல்ல, நேயர்களே! தூண், உத்தரம், குழாய், கதவு ஒவ்வொன்றும் தன் அளவையும் ஜாதகத்தையும் சொல்கிறது. 'பிம்' மாடல் என்கிறார்கள். ஆர்க்கிடெக்ட் ஒன்று, கான்கிரீட் எஞ்சினீயர் ஒன்று, குழாய்க்காரர் ஒன்று எனத் தனித்தனியே செய்து அனுப்ப, என் தங்கை அவற்றைச் சேர்த்துப் பார்க்கிறாள். குழாய் உத்தரத்துக்குள் புகுந்தால் கம்ப்யூட்டரே காட்டிக் கொடுத்துவிடுமாம். கட்டிய பிறகு தெரிந்தால் கான்கிரீட்டையல்லவா உடைக்க வேண்டும்?

"முதலில் எதைப் பார்ப்பாய்?"

"எல்லாரும் ஒரே இடத்திலிருந்து அளந்திருக்கிறார்களா என்று."

விழித்தேன். லாஃபன்பர்க் கதையைச் சொன்னாள். ஜெர்மனிக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் நதியில் ஒரு பாலம். இரு நாட்டுக்கும் கடல் மட்டக் கணக்கு வேறு. வித்தியாசம் 27 சென்டிமீட்டர். அது தெரிந்த விஷயந்தான். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள்! 2003-ல் பார்த்தால் 54 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வு.

"போகட்டும், உன் ஆஸ்பத்திரியில் மோதல் எத்தனை?"

"பூஜ்யம்."

"அப்படியானால் கிளம்பேன்!"

கிளம்பவில்லை. மேலதிகாரி இரண்டு தடவை வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அவள் மூன்றாவது மாடியில், வார்டிலிருந்து லிப்டுக்குப் போகும் நடையைக் காட்டினாள். திருப்பத்தில் ஒரு தூண். எதன் மேலும் அது மோதவில்லை.

"அண்ணா, அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டு போனது நினைவிருக்கிறதா?"

இல்லாமல் என்ன! வேறோர் ஆஸ்பத்திரியில், இதே மாதிரித் திருப்பத்தில் கட்டில் சிக்கிக்கொள்ள, நாலு பேர் சாய்த்துத் தூக்கினார்கள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

கட்டில் அளவுக்கு ஒரு பெட்டியைச் செய்து, திரையில் அதை மெல்ல நகர்த்தினாள். திருப்பத்தில் இடித்து நின்றது.

"கட்டில் போகும் என்று யாரும் இதற்குச் சொல்லவில்லை" என்றாள்.

மேலதிகாரி மூன்றாம் தடவை வந்தார். அவள் கையெழுத்துப் போடவில்லை, பெட்டியைக் காட்டினாள். அவர் சற்று நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆர்க்கிடெக்டுக்கு டெலிபோன் செய்தார்.

வீடு சேரும்போது மணி பத்து. அடை ஆறிப் போயிருந்தது. அம்மா என்னைத்தான் திட்டினாள்.