கைக்குட்டையும் சலங்கையும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் யாத்திரிகர் கண்ணுக்கு மேற்கே மலைத்தொடரும், வழியிலே பஞ்சாலைகளும், முடிவில் வடபத்ரசாயி ஆலயத்தின் 11 நிலைக் கோபுரமும் தப்பா. பால்கோவாவைக் குறிப்பிடாவிடில் குழந்தைகள் நம்மை மன்னியார்.

ஆனால் நாம் சொல்ல வந்த விஷயம் பகலில் புலப்படாதது. இத்தென் ஜில்லாக்களின் கிராமத் திருவிழா இரவுகளில் ஆடவர் வரிசையாக நின்று, காலிலே சலங்கையும் கையிலே வண்ணக் கைக்குட்டையுமாக ஆடும் ஒயிலாட்டமே அது. வாத்தியார் ஓரடி பாடுவார். வரிசை அதை வாங்கிப் பாடும். ராமாயணக் கதை மெல்லத் தொடங்கி, தாளம் முடுக முடுகக் கால்களும் விரையும். ஒருவன் கைக்குட்டை பிந்தி விழுந்தால் வரிசை முழுவதும் கெடும். கம்பளத்து நாயக்கரின் தேவராட்டத்துக்கோ பாட்டே இல்லை. உறுமியின் சொல்லுக்குக் கால்கள் விடை கூறும்.

இவ்வாட்டத்திற்குக் கடல் கடந்து ஓர் உறவு உண்டென்றால் நேயர்கள் வியப்பர். இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கத்து மாரிஸ் ஆட்டக்காரர் அணிவது மரத்தால் அடியமைந்த செருப்பு. பஞ்சாலைத் தொழிலாளர் ஈரத் தரையில் நடக்க அணிந்ததே அது; தெருக் கல்லில் பட்டதும் அதுவே தாளமாயிற்று. மாதா கோயில் தரையில் பரப்பக் கோரைப்புல்லை வண்டியில் மலைபோல் அடுக்கி, அதை இழுத்துச் செல்லுகையில் முன்னே ஆடிச் சென்றனர். ஆடிப்பூரத் தேர் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டுமோ?

லங்காஷயர் என்றால் நம் பாட்டனார்க்கு அந்நியத் துணியின் பெயர். அங்கே டார்வென் ஊர் ஆலைத் தொழிலாளர் 1931-ல் காந்தியடிகளை அன்புடன் சூழ்ந்துகொண்டனர். ஐந்தாண்டு கழித்து, 1936-ல், ராஜபாளையம் மில் தோன்றியது. பிற்காலத்தில் லங்காஷயர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆட்டம் மட்டும் பிழைத்தது. ஸாடில்வொர்த்தில் நின்றுபோயிருந்த கோரை வண்டியை 1975-ல் ஊராரே மீண்டும் இழுத்தனர்.

இங்கோ ஆலை ஓடுகிறது. இரவு முறை வேலைக்குப் போகும் வாலிபன் ஒத்திகைக்கு எப்போது வருவான்? இன்று பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒயில் கற்கின்றனர். சிலர் முகம் சுளிப்பதுண்டு, நாம் மகிழ்கிறோம். மேடையில் பத்து நிமிஷத்துக்குச் சுருங்கும்போது கதைப்பாட்டு உதிர்ந்துபோவதே நம் கவலை. கைவீச்சைப் பார்த்துக் கற்கலாம்; வாத்தியார் நெஞ்சிலுள்ள பாட்டை அவரிடமே கேட்டாக வேண்டும்.

பங்குனி, சித்திரையில் இப்பக்கம் செல்லும் குடும்பத்தார் அம்மன் பொங்கல் நடக்கும் கிராமம் எதுவென விசாரித்துக்கொள்வாராக. ஆட்டம் தொடங்க நேரமாகும்; பாயும் போர்வையும் உடன் இருக்கட்டும்.