முடி சூடிய பல்

முடியாட்சியை வாழ்த்திப் பாடும் வழக்கம் எமக்கு என்றுமே இருந்ததில்லை. 1972 ஆம் ஆண்டு இந்நாடு பிரித்தானிய முடியைத் துறந்து குடியரசாகியது. அப்போது எழுதப்பட்ட அரசியலமைப்பைப் பற்றி எமக்குக் குறைகள் பல உண்டு. முடி போனதைப் பற்றி மட்டும் எவ்விதக் குறையும் இல்லை. அத்தகைய எமது வாயினுள்ளேயே சென்ற ஆண்டு ஒரு முடிசூட்டு விழா நடந்தேறியது என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். பல்வைத்தியர்கள் ‘முடி’ என அழைக்கும் கவசம் ஒன்றை எமது கீழ்க் கடைவாய்ப் பல் இன்று அணிந்திருக்கிறது. அக்கதையை இங்கே சொல்ல முற்படுவது பல்லின் பெருமை பேசுவதற்காக அன்று. அந்த வைத்தியசாலை வாங்கிலே எமக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு நாம் பட்ட கடன் ஒன்று இருக்கிறது, அதற்காகவே எழுதுகிறோம்.

மாணவி ஒருத்தியின் வீட்டிலிருந்து அன்போடு அனுப்பப்பட்ட பொரிவிளாங்காயே எல்லாவற்றுக்கும் காரணம். இளமை கழிந்ததை மறந்து அதனைக் கடித்தோம். முன்பொருமுறை சொத்தை நீக்கி உலோகக் கலவையால் அடைக்கப்பட்டிருந்த பல், பாதி பிளந்து கையோடு வந்தது. அன்றிரவு நாம் உறங்கவில்லை.

மறுநாள் விடியுமுன்னரே எமது பகுதி அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, இலக்கத் துண்டு பெற்று வாங்கில் அமர்ந்தோம். பக்கத்தில் இருந்தவள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். செம்மண் தோட்டங்களில் வெங்காயம் கிண்டும் கூலித் தொழிலாளி. கன்னம் வீங்கியிருந்தது. ஒரு கிழமையாக நோவு. எமக்கு நொந்த அதே கீழ்க் கடைவாய்ப் பல்லே அவளுக்கும் நொந்தது.

வைத்தியர் இளைஞர், பொறுமையும் பரிவும் உள்ளவர். அவளைப் பார்த்தபோதும் எம்மைப் பார்த்தபோதும் அவர் கூறியது ஒன்றேதான். பல்லைக் காப்பாற்றலாம். வேரினுள் இருக்கும் அழுகிய மச்சையை அகற்றித் துப்புரவு செய்து நிரப்ப வேண்டும். பின்னர் பல் பிளவாதபடி அதன்மேல் முடி பொருத்த வேண்டும். அதற்குப் பலமுறை வரவேண்டும். முடி செய்யும் வசதி அங்கே இல்லை. பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் தரலாம். ஆனால் அங்கே காத்திருப்போர் தொகை பெரிது. வெளியே தனியாரிடம் செய்வித்தால் பணம் செலவாகும். பிடுங்குவதாயின் இன்றே செய்யலாம். ஒரு சதமும் வேண்டியதில்லை.

வெளியே வந்த அவளுக்கு நாம் ஆசிரியருக்குரிய குரலில் அறிவுரை கூறினோம்:

“பிடுங்க விடாதேயுங்கோ தங்கச்சி. நல்ல பல்லு. காப்பாற்றலாம் எண்டு டொக்டரே சொல்லுறார்.”

அவள் எம்மைச் சற்று நேரம் பார்த்தாள். கோபமில்லாமலே சொன்னாள்:

“மாஸ்டர், நாலு தரம் வாறதெண்டால் நாலு நாள் கூலி போயிடும். அதுக்குப் பிறகு முடிக்கு ஆர் காசு தாறது? கழட்டினால் இண்டையோட முடிஞ்சுது. நோகாமல் இருந்தால் எனக்குக் காணும்.”

அரைமணி நேரத்தின் பின் பஞ்சைக் கடித்தபடி அவள் சென்றாள். பல் அங்கேயே தங்கிவிட்டது. நாமோ பல்லோடு வீடு திரும்பினோம்.

பின்னர் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் எமது பல்லுக்கு நடந்தவற்றை எண்ணும்போது மனிதரின் அறிவையும் உழைப்பையும் வியவாதிருக்க முடியவில்லை. பல்லின் மேற்போர்வையாகிய மிளிரியே மனித உடலில் மிகக் கடினமான பொருள். அதன் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு கனிப்பொருள். எலும்பு முறிந்தால் பொருந்தும்; தோல் கிழிந்தால் ஆறும். மிளிரி உடைந்தால் மீண்டும் வளராது. அதனை ஆக்கிய கலங்கள் பல் முளைக்கும் வேளையிலேயே அழிந்துவிடுகின்றன. இயற்கை கைவிட்ட அவ்விடத்திலேதான் மனிதரின் கைவினை தொடங்குகின்றது.

விறைப்பூசி போட்டு, வேரினுள்ளே மெல்லிய ஊசிகளைச் செலுத்தித் துப்புரவு செய்தார் வைத்தியர். அடுத்த முறைகளில் எஞ்சிய பல்லைச் சுற்றிவர ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவுக்குச் செதுக்கிக் கட்டையாக்கினார். பசை போன்ற பொருளைக் கடிக்கச் செய்து அச்செடுத்தார். தற்காலிகத் தொப்பி ஒன்றை மாட்டினார். பக்கத்துப் பற்களின் நிறத்தோடு ஒப்பிட்டு, எமது நிறம் எதுவென்று குறித்துக்கொண்டார். தேநீர்க் கறை படிந்த மஞ்சளே எமது நிறம் என்பது அன்றுதான் தெரியவந்தது. இரண்டு கிழமையின் பின் முடி வந்தது. சிமெந்து இட்டு ஒட்டியதும் பல் முழுமை பெற்றது.

அந்த முடியைச் செய்தவர் யார்? வைத்தியரின் பெயர் வாசலில் பலகையில் இருந்தது. செய்தவரின் பெயர் எங்கும் இல்லை. விசாரித்து அவரைத் தேடிச் சென்றோம். சிறியதோர் அறையில், விளக்கு வெளிச்சத்தின் கீழ், குனிந்த முதுகோடு ஒரு தொழில்நுட்பவியலாளர் மெழுகிலே பல் செதுக்கிக்கொண்டிருந்தார். மெழுகு வடிவத்தைச் சுற்றி அச்சுக்கலவையை ஊற்றி இறுகச் செய்து, சூளையில் மெழுகை உருக்கி எரித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்க்கிறார். பின்னர் அவ்வுலோகத்தின்மேல் பீங்கான் மாவைப் படை படையாகப் பூசி, ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார். கணினியின் துணையோடு பீங்கான் கட்டியைக் கடைந்து முடி செய்யும் முறையும் இன்று உண்டு. அதற்கான இயந்திரம் வாங்க அவரிடம் முதல் இல்லை.

மெழுகை உருக்கி வார்க்கும் இந்த வித்தையை 1907 ஆம் ஆண்டில் பற்சிகிச்சையில் பரவச் செய்தவர் வில்லியம் டகார்ட் என்னும் அமெரிக்கப் பல்வைத்தியர். ஆயின் வித்தை எமக்குப் புதியதன்று. பொலன்னறுவையிலே கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்திலே நிற்கும் நடராசர் திருவுருவம் பிறந்ததும் இதே வழியில்தான். அதனை வார்த்தவரின் பெயரையும் வரலாறு காக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. எமக்கு ஆன செலவு ஒரு மாதச் சம்பளத்தின் பாதியை எட்டியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்தபின், வெளிநாட்டிலிருந்து வரும் பீங்கான் மா முதல் அச்செடுக்கும் பசை வரை யாவும் விலை ஏறின. கடன்பட்டேனும் நாம் அதனைச் செலுத்தினோம். சம்பளத்தோடு விடுமுறையும் எமக்கு இருந்தது. அவளுக்குக் கடன் கொடுப்பார் இல்லை. விடுமுறை என்றால் பட்டினி. ஒரே நோய், ஒரே பல், ஒரே வைத்தியரின் ஒரே சொல். இருந்தும் ஒருவருக்கு முடி, மற்றவருக்கு வெற்றிடம். வர்க்கப் பிரிவினையை வகுப்பறையிலே கரும்பலகையில் வரைந்து விளக்கியிருக்கிறோம். அதன் கோடு வாய்க்குள்ளும் ஓடுவதை அந்த வாங்கில் இருந்துதான் கற்றோம். அறியாமையால் அவள் பல்லை இழக்கவில்லை. தனது கூலியின் கணக்கை அவள் எம்மைவிடத் திருத்தமாக அறிந்திருந்தாள். அறியாமல் பேசியவர்கள் நாமே.

இலவச மருத்துவத்தைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. 1931 இன் சர்வசன வாக்குரிமையும் 1945 இன் இலவசக் கல்வியும் போல அதுவும் இந்நாட்டு மக்களின் பெரும்பேறு. அது இல்லாவிடின் அந்தப் பெண் நோவோடேயே தோட்டத்துக்குத் திரும்பியிருப்பாள். ஆனால் பிடுங்குவது எளிதாகவும் காப்பது அரிதாகவும் இருக்கும்வரை அப்பேறு பாதிவழியில் நிற்கிறது. பிரித்தானியாவில் 1948 இல் தேசிய சுகாதார சேவையை நிறுவிய அனூரின் பெவன், பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்கும் கட்டணம் விதிக்கத் தமது கட்சியின் அரசே முடிவு செய்தபோது, 1951 ஏப்ரிலில் அமைச்சர் பதவியைத் துறந்தார். படைக்கலங்களுக்குப் பணம் தேடிய அரசு மக்களின் வாயில் கைவைத்தது. பல்லுக்காகவா பதவியைத் துறப்பது என்று எண்ணுவோர், பல்லை இழந்து உண்ணும் ஏழையை அறியாதவர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கையின்படி வாய்நோய்களால் துன்புறுவோர் ஏறத்தாழ 350 கோடி. அவற்றுள் பெரும்பாலானவை வருமுன் தடுக்கத்தக்கவை. 1921 இல் நியூசிலாந்திலே தொடங்கிய பாடசாலைப் பற்சிகிச்சைத் தாதியர் முறை, 1950களில் கொழும்புத் திட்ட உதவியுடன் எமது நாட்டிலும் கால்கொண்டது. அச்சேவை தனது பாடசாலையை எட்டுகிறதா என்று ஒவ்வோர் ஆசிரியரும் கேட்க வேண்டும். எட்டவில்லையாயின் எழுதிக் கேட்க வேண்டும். மாவட்டந்தோறும் அரசாங்க வைத்தியசாலையிலே முடி செய்யும் ஆய்வுகூடமும், அதில் தகுந்த ஊதியம் பெறும் தொழில்நுட்பவியலாளரும் இருத்தல் வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கை அன்று.

பொரிவிளாங்காயை நாம் இப்போதும் கடிப்பதில்லை, இடித்தே உண்கிறோம். அந்தப் பெண்ணிடம் அன்று சொன்ன அறிவுரையைத் திரும்பப் பெற வழியில்லை. சொல்லவேண்டிய இடம் வேறு என்பதை மட்டும் அறிந்துகொண்டோம். சென்ற மாதம் எமது ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இவ்விடயத்தைத் தீர்மானமாக முன்வைத்தோம். சிலர் சிரித்தனர். சிரித்தவர்களுள் இருவருக்குக் கடைவாயிலே பல் இல்லை. தீர்மானம் நிறைவேறியது.