அக்னி நட்சத்திரத்தில் சினைப் போவா

"ரெண்டையும் ஒரே பெட்டியில விட்டா அதுவே குட்டி போடப் போவுது. இதுல என்னண்ணே பெரிய வித்தை?" போன மாதம் மேடவாக்கத்திலிருந்து போவா பாம்பு பார்க்க வந்த ஒரு தம்பி கேட்டான். கூட வந்தவன், ஒரு சீசனில் போட்ட காசு திரும்பிவிடுமா என்றான். இருவரும் பெண் போவாவின் வயதைக் கேட்கவில்லை. முட்டையை எதில் வைத்துப் பொரிக்கிறீர்கள் என்று கேட்காமல் விட்டார்களே, அதுவரை சந்தோஷம். மலைப்பாம்புதான் முட்டையிட்டுச் சுற்றிக்கொண்டு அடைகாக்கும்; போவா குட்டி போடும்.

முதலில் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு வயது முடிந்திருக்க வேண்டும். ஐந்தானால் இன்னும் நல்லது. உடம்பு உருண்டு இருக்கலாம், ஊதி இருக்கக் கூடாது. வால் பக்கம் மடிப்பு விழுந்திருந்தால் அது சதை இல்லை, கொழுப்பு. இப்போது வாரத்துக்கு இரண்டு எலி திணித்து இரண்டே வருஷத்தில் ஆறடி ஆக்கிவிடுகிறார்கள். அப்படி வளர்ந்த பெண் ஒரு ஈத்து போடலாம். அதற்குப் பிறகு ஈரல் கெட்டுப் போகலாம்.

ஐப்பசி பிறந்ததும் நான் தீனியைக் குறைப்பேன். இரவில் 23, 24 டிகிரி, பகலில் ஒரு மூலை மட்டும் 30. கார்த்திகை, மார்கழியில் தாம்பரத்தில் இது இயற்கையாகவே கிடைத்துவிடும், ஏசி வேண்டாம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று ரேடியோ சொல்லும்போது ஆண் பெட்டியை முட்ட ஆரம்பித்திருப்பான். காற்றழுத்தம் இறங்குவது பாம்புக்குத் தெரிகிறது என்று இதை வளர்ப்பவர்கள் எல்லா நாட்டிலும் சொல்வார்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிக் கிடந்தபோது, எங்கள் வீட்டில் கரண்ட் இல்லாத இருட்டில் ஜோடி லாக் ஆகிக் கிடந்தது. ஊரே படகுக்குக் காத்திருக்கும்போது இதை யாரிடம் சொல்ல முடியும்?

சேர்வது சுலபம்தான், அந்தத் தம்பி சொன்னதில் அவ்வளவு உண்மை உண்டு. கஷ்டம் அதற்குப் பிறகு. மார்கழியில் சேர்ந்தால் மாசி வாக்கில் ஓவுலேஷன். நடு உடம்பு ஒரு நாள் இரை விழுங்கியது போல் வீங்கி இறங்கும். அன்று பார்க்காவிட்டால் போயிற்று. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சட்டை உரிப்பாள். அந்தச் சட்டையிலிருந்து ஏறக்குறைய 105 நாள் எண்ண வேண்டும். எண்ணிப் பாருங்கள், அக்னி நட்சத்திரம் முழுக்கச் சினைக் காலத்துக்குள் வந்து விழும்.

வெளிநாட்டுப் புத்தகம் எதைத் திறந்தாலும் சூடு கொடுப்பது எப்படி என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். ஹீட் மேட், தெர்மோஸ்டாட், செராமிக் பல்ப். சூட்டை இறக்குவது பற்றி நான் படித்த எதிலும் உருப்படியாக ஒரு பக்கம் இல்லை. சினைப் போவாவுக்கு 31, 32 டிகிரியில் ஒரு மூலை வேண்டும். அவளே தேடிப் போய், நிறம் கறுத்து, உடம்பைப் புரட்டி வயிற்றைச் சூட்டுக்குக் காட்டிப் படுப்பாள். ஆனால் பெட்டி முழுக்க 36 ஆகிவிட்டால் ஓடி ஒளிய அவளுக்கு இடம் ஏது? நாள் கணக்கில் அந்தச் சூடு நின்றால் உள்ளே இருப்பவை வளைந்த முதுகோடு பிறக்கும், அல்லது செத்துப் பிறக்கும்.

மாடி அறை கூடவே கூடாது; மே மாதத் தளம் நள்ளிரவிலும் அனலைக் கக்கும். கீழ்த்தளத்தில், வடக்குப் பார்த்த அறை வேண்டும். ஏசியை 27-இல் வைத்துவிட்டு, அதே அறையில் ஒரு மூலைக்கு மட்டும் ஹீட்டர் போடுகிறவனை என் மனைவி எப்படிப் பார்த்திருப்பாள் என்பதைக் கரண்ட் பில் கட்டுகிறவர்கள் புரிந்துகொள்வார்கள். ஏசி காற்றையும் உலர்த்திவிடும். சட்டை துண்டு துண்டாக உரியும், மூச்சில் சளி கட்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஏசியை இழுக்காது.

இதற்கு வழி சொன்னவர் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பெரியவர் ஒருவர். போவாவை அவர் என் வீட்டில்தான் முதலில் பார்த்தார். "வெயில் காலத்துல பாம்பு எங்க தம்பி இருக்கும்? மண்ணுக்குள்ள. நீ பிளாஸ்டிக்குல வெச்சிருக்க" என்றார். பெரிய மண் தாழி ஒன்றைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் தட்டி, வெளியே நனைத்த கோணி சுற்றச் சொன்னார். அதற்குள் வெளியைவிட நாலைந்து டிகிரி குறைந்தது, ஈரமும் நின்றது. சினை பார்க்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார்: பாம்பை அமுக்கக் கூடாது, விரலைத் தளர்த்தி வைத்து அதன் மேல் பாம்பைப் போக விட வேண்டும். "கண்ணால பாக்காத, விரலு சொல்லும்." அவர் இனத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃப்ளோரிடா போய்ப் பர்மா மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள், 2023-இல் பத்மஸ்ரீ வந்தது. எங்கள் பெரியவர் சாதிச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்தார். மறந்துபோனது இன்னொன்றும் உண்டு: பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தன் பாம்புப் பண்ணையை 1972-இல் கிண்டிக்குக் கொண்டுபோவதற்கு முன் நடத்தியது தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில்தான். அந்த வழியாக தினமும் பைக்கில் போகிற பையன்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

குட்டி போடுவது பெரும்பாலும் ராத்திரியில். இருபது, முப்பது வரும், கூடவே மஞ்சள் மெழுகு போல ஸ்லக்கும் (கருவாகாத முட்டை) வரும். குட்டியைச் சுற்றியுள்ள சவ்வை நீங்கள் கிழிக்காதீர்கள். முதல் சட்டை உரித்த பிறகு சுண்டெலிக் குஞ்சு கொடுங்கள். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது வேறு. இன்று எவனும் பாம்பைக் கேட்பதில்லை, மார்ஃப்தான் (விசேஷ நிற வகை) கேட்கிறான். பாங்காக்கிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி வந்தவை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பிடிபடும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். பிடிபடாமல் வந்ததை மலிவு என்று வாங்குகிறார்கள். ஐ.பி.டி. (Inclusion Body Disease) நோயை உண்டாக்கும் வைரஸ் உள்ள போவா வெளிக்கு ஒன்றும் காட்டாமல் வருஷக் கணக்கில் இருக்கும். பிறகு இரையைக் கக்கும்; சில தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டே கிடக்கும். மருந்து கிடையாது. பாம்பின் மேல் ஒட்டும் சிற்றுண்ணி மூலமாகப் பரவுகிறது என்ற சந்தேகமும் உண்டு. புதுப் பாம்பை மூன்று மாதமாவது தனி அறையில் வை என்றால், "இடமில்லண்ணே" என்கிறான். இடமில்லாதவனுக்கு முப்பது குட்டி எதற்கு?

2020-இல் மத்திய அரசு வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்களைத் தாமாக அறிவிக்கச் சொன்னபோதே என்னிடம் இருந்தவற்றைப் பதிந்துவிட்டேன். 2022 திருத்தச் சட்டமும் 2024 விதிகளும் வந்த பிறகு அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம். பிறக்கும் குட்டிகளையும் தெரிவித்தாக வேண்டும். நம் நாட்டுப் பாம்புகளைத் தொடவே கூடாது, மண்ணுளி உட்பட.

முதல் முறையாக ஜோடி சேர்க்க நினைப்பவர்களுக்கு: ஃபிலடெல்ஃபியா மிருகக்காட்சிசாலையில் பாப்பாய் என்ற போவா 40 வருஷம் வாழ்ந்து 1977-இல் செத்தது. வீட்டில் இருபது, இருபத்தைந்து வருஷம் சாதாரணமாக இருக்கும். ஒவ்வொரு குட்டியையும் அத்தனை காலம் வைத்திருக்கக் கூடிய ஆட்களை ஐப்பசிக்கு முன்பே பார்த்து வையுங்கள். கிடைக்கவில்லையா, அந்த வருஷம் ஆணை அவன் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.